பிஸ்கட் என்று பெயர்

மெம்ஃபிஸ் நகரத்தில் கோழி பொரிக்கிற கடையில்
கோழி தின்னாத ஒரே ஆள் நான்.
தவக்காலம் என்று முதல் நாள் சொல்லிவைத்தேன்.
ஈஸ்டர் வந்து போயிற்று.
சொன்னதை மாற்றிச் சொல்ல
வெட்கமாகிவிட்டது.

பலகை நிறையப் பெயர்கள்.
ஒன்றில் மட்டும் மோர் இருந்தது.
மோர் பிஸ்கட்.
நான் நினைத்தது
ஓரமெல்லாம் பல்லு வைத்து,
டீயில் முக்கி மூன்று எண்ணுவதற்குள்
தூக்கிவிட வேண்டிய சாமான்.
வந்ததோ
இட்லி உயரம்,
தலையில் வெண்ணெய் தடவிய பழுப்பு.
பிட்டதும் ஏடு ஏடாகப் பிரிந்து
உள்ளேயிருந்து ஆவி.
உப்பு முதலில்,
பிறகு மெல்ல, நாக்கின் ஓரத்தில்,
எனக்குத் தெரிந்த அந்தப் புளிப்பு.

டெலோரிஸ் தேன் பொட்டலம் இரண்டு வைப்பாள்.
மூன்றாவது
மேலாளர் முதுகு காட்டும்போது.
இரவு முழுக்க ரத்தம் சோதித்த என் கையில்
கையுறையின் ரப்பர் வாசனை,
அவள் கையில் எண்ணெய்.
ஐந்து மாதத்தில் நாங்கள் பேசியதை எழுதினால்
ஒரு பக்கம் தேறாது.
ஒருநாள் கிண்ணத்தில் வெள்ளைக் குழம்பு காட்டி
இதை ஊற்றித் தின்னு என்றாள்.
தலையாட்டி மறுத்தேன்.
ஜூலையில் அட்டையால் விசிறிக்கொண்டு
உங்கள் ஊரில் வெயில் உண்டா என்று கேட்டாள்.
வேலூர்க்காரியிடம்.

கடைசி நாள் ஆறு வாங்கினேன்.
தோஹாவில் இரண்டு போயிற்று.
காட்பாடியில் இறங்கியது நான்கு கல்.
பிரபுதாஸ் ஒன்றை எடுத்து
மேசையில் தட்டிப் பார்த்தார்:
"இதுக்கா அஞ்சு மாசம் போன?"
இல்லை, வீட்டுக் கடனுக்குப் போனேன்.
அது அவருக்கும் தெரியும்.
ஆனால் அந்த ஊரை நினைத்தால்
எனக்குக் கடன் ஞாபகம் வருவதில்லை.

சைதாப்பேட்டையில் இம்தியாஸ் பாய் அடுப்பு.
"மோர்ல மாவு பெசையறதா? புளிச்சுடும்மா."
"புளிக்கணும் பாய்."
முதல் தட்டு
பாலாற்றில் பொறுக்கியது மாதிரி இருந்தது.
இரண்டாவது, தோசையாய்ப் படர்ந்தது.
ஆடி முடிந்தும் வெயில் முடியவில்லை,
எடுத்த வெண்ணெய் மாவில் சேருமுன் எண்ணெய்.
"உங்க ஊர் பிஸ்கட்டுக்கு
எங்க ஊரு ஒத்துக்கல" என்றார்,
நான் பிறந்தது கொணவட்டம் என்று தெரிந்தும்.

மறுநாள் விடிகாலை நாலு மணி.
புது ஐஸ் பெட்டியில் வெண்ணெய்.
பரோட்டா மாதிரி அடிக்காதீர்கள், பாய்,
தொட்டும் தொடாமல்,
மடித்து, விட்டு, மறுபடி மடித்து.
மாவு கட்டிகட்டியாக இருந்தால் இருக்கட்டும்.
மசூதியில் பாங்கு சொல்லி முடிந்தபோது
தட்டு வெளியே வந்தது.
எழும்பியிருந்தது.
கொஞ்சம் சாய்ந்து,
ஒரு பக்கம் கருகி,
ஆனால் எழும்பியிருந்தது.

பாய் பிட்டார். மென்றார்.
முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.
"இன்னாமா இது, இனிப்பும் இல்ல, பன்னும் இல்ல."
கொஞ்ச நேரம் கையிலேயே வைத்துப் பார்த்தார்.
பிறகு உள்ளே திரும்பி
"டேய் சல்மான், ராத்திரி பாயா மிச்சம் கீதா?"

சுடவைத்த சேர்வாவை மேலே ஊற்றினார்.
ஏடுகள் உறிஞ்சின, உடையவில்லை.
இரண்டாவது வாயில்
அவர் கண்ணை மூடினார்.
என் பைக்குள் தேன் பாட்டில்.
அதை நான் எடுக்கவேயில்லை.
அந்த வெள்ளைக் குழம்பு
என்னவாக இருந்திருக்கும் என்று
அப்போதுதான் யோசித்தேன்,
எட்டாயிரம் மைல் தள்ளி வந்து.

இன்னொன்றைப் பிட்டுத் தட்டில் வைத்து
கரண்டியைச் சட்டிக்கு மேல் நிறுத்தினார்.
"நீங்க கறி தின்பீங்க இல்ல?"

இந்த முறை
உடனே சொல்லிவிட்டேன்.